வாடகை என்று சொல்லாத வீடுகள்

என் மனைவிக்கு என்னைப் பற்றி ஒரு முடிவான கருத்து உண்டு. "உங்களுக்கு ஏர்த் சரியில்லை" என்பாள். மின்சாரக் கந்தோரில் வேலை செய்தவனோடு வாழ்ந்து அவளும் நாலு தொழிற்சொல் பழகிவிட்டாள்; கரண்டை மண்ணுக்குள் இறக்கி அடங்க வைக்கிற கம்பிதான் ஏர்த். ஓய்வுபெற்ற பிறகு ஒரு கதிரையில் சேர்ந்தாற்போல் இருக்க என்னால் முடியவில்லை. வேலணையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறினால் மற்றவர்கள் கடலைப் பார்ப்பார்கள். நான் கூரைகளைப் பார்ப்பேன். இது தெற்குப் பார்த்த கூரை. அதைப் புளியமரம் மறைக்கிறது. இதில் சோலார் தகடு போட்டவன் கிளிப்பைத் துருப்பிடிக்க விட்டுவிட்டான். மண்டைதீவுச் சந்தி வரும்வரை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு போவேன். பக்கத்தில் இருப்பவர்கள் சில வேளை எழுந்து வேறு இருக்கைக்குப் போவதும் உண்டு.

போன மாதம் தர்மினி தொலைபேசி எடுத்தாள். என் பழைய மேசையில் இப்போது இருக்கிற பிள்ளை. கெட்டிக்காரி, வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்தவள்.

"ஐயா, வாடகைக்கு இருக்கிற சனத்துக்கும் சோலார் சலுகை குடுக்கலாமோ எண்டு மேலிடத்திலை கேக்கினம். தீவுப்பகுதியிலை ஆரார் வாடகைக்கு இருக்கினம் எண்டு வீடு வீடா விசாரிச்சுப் பாத்தன். ஒருத்தரும் இல்லையாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் ஐயா சிரிக்கிறியள்?"

"பிள்ளை, நீர் கேட்ட கேள்வி பிழை. வாடகையோ எண்டு கேட்டா இஞ்சை ஒருத்தரும் ஓம் எண்டு சொல்லமாட்டினம். வீடு பாக்கிறியளோ எண்டு கேட்டுப் பாரும்."

அடுத்த நாள் மறுபடி எடுத்தாள். "ஐயா, பாதி ஊர் வீடு பாக்குது" என்றாள். அதன் பிறகு, நீங்கள் பார்த்த வேலையை எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டாள். எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். இதை எழுதி முடிக்குமுன் எத்தனை முறை கிணற்றடிக்குப் போய் வந்தேன் என்று மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் தீவுகளில் வீட்டுக்காரர் பலர் வெளிநாட்டில். கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ். வீடுகளைப் பூட்டிப் போட்டால் கறையான் தின்னும், ஓடு சரியும். ஆகவே நம்பிக்கையான ஒரு குடும்பத்தை இருத்திவிடுவார்கள். இதைத்தான் இங்கே வீடு பார்ப்பது என்பார்கள். அந்தக் குடும்பம் மாதாமாதம் ஏதோ ஒரு வழியில் பணம் கொடுக்கும். ஆனால் வாடகை என்ற சொல் மட்டும் இரு பக்கத்தின் வாயிலும் வராது. வீட்டுக்காரருக்கு, பரம்பரை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டான் என்று ஊர் சொல்லிவிடும் என்ற கவலை. இருப்பவர்களுக்கு அது வேறு விதமான கவலை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் பழகுகாலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கம்பி இல்லாத ஊரில் மின்சார வேலை பழகியவன் நான். சண்டைக் காலத்தில் தூண்கள் விழுந்து கம்பிகள் காணாமல் போயிருந்தன. நாங்கள் ஜெனரேற்றரில் தொட்டுத் தொட்டுப் பழகினோம். கம்பி திரும்பி வந்தபோது எனக்கு வயது ஏறியிருந்தது. மீற்றர் பார்க்கத் தொடங்கி, தூணில் ஏறி, கடைசியில் புது இணைப்புகளைச் சோதிக்கிற வேலைக்கு வந்தேன். சோலார் வந்தது என் சேவையின் கடைசிக் காலத்தில்.

அப்போது எனக்கு மேலே இருந்தவர் அரியரத்தினம் ஐயா. பொறியியலாளர், மெலிந்த மனிதர், மெதுவான குரல். அவர் யாருக்கும் "ஏலாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "பாப்பம்" என்றால் ஏலாது என்று நாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். "பாத்தாச்சு" என்றால் வேலை நடக்கும். இது தெரியாத சனம் "பாப்பம்" என்ற சொல்லை நம்பி மாதக்கணக்காகக் கந்தோருக்கு நடக்கும். நான்தான் வாசலில் பிடித்து, "அது முடிஞ்சுது, வேறை வழி பாருங்கோ" என்று சொல்லி அனுப்புவேன். எனக்கு அந்த இழுவை பிடிக்காது. ஒரு நாள் அவரிடமே கேட்டுவிட்டேன். "சிவம், ஏலாது எண்டு சொன்னா நானும் யோசிக்கிறதை விட்டிடுவன்" என்றார். அப்போது எனக்கு அது நழுவலாகத்தான் தெரிந்தது.

சோலார் விண்ணப்பம் வந்தால் ஐயா நேரே அந்த வீட்டுக்குப் போவார். குடையை வாசல் படலையில் கொளுவிவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வைத்து, முதலில் மீற்றர் பெட்டியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். பெட்டியில் மின்கசிவு இருந்தால் உள்ளங்கை இறுக்கிப் பிடித்துவிடும், புறங்கை விலகும். பிறகு கூரை. ஓட்டைத் தாங்குகிற பனஞ்சிலாகை உளுத்திருக்கிறதா, எந்தத் திசை, எந்த மரத்தின் நிழல் எத்தனை மணிக்கு விழும். பிறகு மண். உப்பு மண்ணில் ஏர்த் கம்பி கெதியாக அரித்துவிடும் என்பதால் அதை இழுத்துப் பார்ப்பார். எல்லாம் முடிந்ததும் விறாந்தையில் நின்றபடியே மூன்று கேள்வி கேட்பார்.

"மீற்றர் ஆற்றை? கூரை ஆற்றை? வெய்யில் ஆற்றை?"

முதல் இரண்டும் சட்டப்படி கேட்க வேண்டியவை. மீற்றர் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்கலாம். கூரைக்காரரின் சம்மதம் வேண்டும். மூன்றாவது அவருடைய சொந்தக் கேள்வி. அதைக் கேட்டால் சனம் முழிக்கும். சிலர் "கடவுளின்ரை ஐயா" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டு குடையை எடுத்துவிடுவார். பகிடி விடுகிறார் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன்.

பிலோமினாவின் விண்ணப்பம் வந்தது நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்னர். நாரந்தனையில் ஒரு பெரிய கல்வீடு. ஓர் ஆசிரியர் கட்டியது, அவர் இறந்துவிட்டார். மனைவி மகன் தயாபரனோடு கனடாவுக்குப் போய் அங்கேயே கண்மூடினார். போகும்போது வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனது பிலோமினாவிடம். பிலோமினாவின் கணவன் கடலுக்குப் போகிறவர். கரையிலிருந்த அவர்களுடைய வீடு சண்டையில் தரைமட்டம். பிலோமினா ஒரு பெரிய பிரீசர் வாங்கி, நண்டும் கணவாயும் சேர்த்து வைத்து, விலை வரும் நாளில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவார். பிரீசர் இல்லாத வீட்டார் கரைக்கு வருகிற முதலாளி சொன்ன விலைக்கு அன்றன்றே கொடுக்க வேண்டும். அந்தப் பெட்டிதான் அந்தக் குடும்பத்தை நிமிர்த்தியது.

மின்கட்டணம் ஏறியபோது அந்தப் பெட்டியே அவர்களைக் குனிய வைத்தது. பிலோமினா பகலில் கொஞ்ச நேரம் பிரீசரை நிறுத்தி மிச்சம் பிடிக்கப் பார்த்தார். கணவாய் பழுதாகி, மொத்தத்தையும் வளவில் குழி வெட்டித் தாட்டார்கள். இன்னொரு தடவை அப்படி நடந்தால் பெட்டியை விற்றுவிட்டு மறுபடி முதலாளியின் விலைக்கு நிற்க வேண்டியதுதான். அதனால்தான் சோலாருக்கு எழுதிப் போட்டார்.

ஐயாவும் நானும் போனோம். குடை படலையில் தொங்கியது. மீற்றர் பெட்டி, கூரை, மண் எல்லாம் சுத்தம். தெற்குப் பார்த்த நல்ல கூரை, ஒரு மரமும் மறைக்கவில்லை. எனக்கு ஆசையாகவே இருந்தது. விறாந்தைச் சுவரில் தனியாக ஒரு சுவிச் இருந்தது. பக்கத்தில் பூட்டிய கதவு.

"உது எதுக்குப் பிள்ளை?" என்று ஐயா கேட்டார்.

"சாமியறை லைற், ஐயா. உள்ளுக்கை நாங்கள் போறேல்லை. அந்த அறைத் திறப்பு மட்டும் அவையிட்டை. பொழுதுபட லைற்றைப் போட்டு, விடிய நிப்பாட்டோணும். வீட்டுக்கார அம்மா போகேக்கை சொல்லிப்போட்டுப் போனவா."

"நீங்கள் வேதக்காரரல்லோ?" என்று அவர் கழுத்துச் சிலுவையைப் பார்த்து ஐயா கேட்டார்.

"ஓம் ஐயா. லைற்றுக்கு என்ன வேதம்?"

ஐயா அந்தச் சுவிச்சையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு வழக்கமான கேள்விகளைக் கேட்டார். மீற்றர் இறந்துபோன ஆசிரியரின் பெயரில் இருந்தது. தீவுப்பகுதியில் இது சாதாரணம். எங்கள் பகுதியில் ஆகக் கூடுதலாகக் கரண்ட் பாவிப்பவர்கள் செத்தவர்கள்தான் என்று கந்தோரில் பகிடி விடுவோம். கூரை தயாபரனுடையது.

"நீங்கள் வாடகைக்கோ?" என்று நான் கேட்டேன்.

பிலோமினாவின் முகம் மாறிவிட்டது. "இல்லை அண்ணை. வீடு பாக்கிறம்."

"மாதம் காசு குடுக்கிறேல்லையோ?"

"அது உபயக்காசு. பிள்ளையார் கோயிலிலை தயாபரன் தம்பியின்ரை பேரிலை கட்டுறம்."

வேதக்காரக் குடும்பம் மாதாமாதம் தவறாமல் பிள்ளையாருக்கு உபயம் செய்துகொண்டிருந்தது. வாடகை என்ற சொல்லைத் தவிர்ப்பதற்கு இந்த ஊர் எடுக்கிற பாட்டை நினைத்து எனக்குச் சிரிப்பதா தலையில் அடிப்பதா என்று தெரியவில்லை.

பிலோமினாவின் கைப்பேசியிலேயே தயாபரனைக் கூப்பிட்டோம். திரையில் குளிர்ச்சட்டையோடு ஒரு நாற்பது வயதுக்காரர். மரியாதையானவர். ஆனால் மீற்றரைப் பிலோமினாவின் பெயருக்கு மாற்றலாமா என்ற பேச்சு வந்ததும் குரல் இறுகிவிட்டது.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. எங்கடை மாமாவின்ரை வீடு அடுத்த ஒழுங்கையிலை கிடக்கு. பாக்க விட்ட ஆள் கரண்ட் பில்லைத் தன்ரை பேருக்கு மாத்தினவர். இப்ப வீடு தன்ரை எண்டு வழக்கு. பிலோமினாக்காவை நான் நம்புறன். அவவின்ரை பிள்ளையளை எப்பிடி நம்பிறது? செத்தாலும் அப்பான்ரை பேரிலையே பில் வரட்டும்."

பிலோமினா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த மனிதரிலா, மாமாவின் வீட்டைப் பிடித்தவரிலா, யாரில் என்று தெரியவில்லை. ஐயா மட்டும் திரையைப் பார்த்து, "பாப்பம் தம்பி" என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். திரும்பி வரும் வழியில் அவர் வண்டியை வேலணைப் பக்கம் விடச்சொன்னார். அங்கே அவருக்குத் தெரிந்த ஒரு நொத்தாரிசு, காணி உறுதியும் ஒப்பந்தமும் எழுதுகிறவர். ஐயா கதையைச் சொல்லி முடிக்குமுன்பே அந்த மனிதர் மேசையில் தட்டினார்.

"உந்தச் சனத்துக்கு விசர்! வாடகை எண்டு எழுதினா வீடு போயிடும் எண்டு பயப்பிடினம். ஆனா வாடகை குடுத்து இருக்கிறவர் இன்னொருத்தரின்ரை வீட்டிலை இருக்கிறன் எண்டு தானே ஒத்துக்கொண்டாச்சு. பிறகு வீடு தன்ரை எண்டு கேக்கேலாது. ஒண்டும் எழுதாமல் கன வருசம் சும்மா இருக்கிற ஆக்களாலைதான் வழக்கு வாறது. மாமாவின்ரை வீடு போனது பில்லாலை இல்லை. ஒருத்தரும் வாடகை எண்டு சொல்லாததாலை."

ஐயா என்னைப் பார்த்தார். "பாத்தாச்சு, சிவம்" என்றார்.

தயாபரனுக்கு நொத்தாரிசே விளங்கப்படுத்தினார். மீற்றர் மகனின் பெயருக்கு மாறும். தகடு போடுகிற செலவு அவருடையது. வாடகை ஒப்பந்தம் எழுதி, அதில் கட்டணம் குறைகிற நன்மை பிலோமினாவுக்கு என்று ஒரு வரி சேர்ப்பது. தயாபரன் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஓம் என்றார். வீடு பத்திரம் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. ஐயா விடவில்லை. "கூரைக்காரருக்குப் போட்ட காசு வீட்டின்ரை பெறுமதியிலை திரும்பி வரும். கீழை இருக்கிறவை அதுக்கிடையிலை வீட்டை விட்டு எழும்பவேண்டி வந்தா? வெய்யில் ஆற்றை எண்டு நான் கேக்கிறது உதுக்குத்தான்" என்று சொல்லி, ஐந்து வருடத் தவணை எழுத வைத்தார். அவருடைய மூன்றாவது கேள்வி எனக்கு அன்றுதான் விளங்கியது.

தயாபரன் கையெழுத்து வைத்து அனுப்பினார். ஆனால் வைக்க மறுத்தது பிலோமினா.

"வாடகை எண்டு எழுதாதேங்கோ அண்ணை" என்றார். கண் கலங்கியிருந்தது. "வீடு பாக்கிறம் எண்டா எங்களை நம்பி விட்டிருக்கினம் எண்டு கருத்து. வாடகை எண்டா இருக்க இடமில்லாமல் வந்து கிடக்கிறம் எண்டு கருத்து. மகளுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடக்குது. நான் என்னெண்டு சொல்லுவன்?"

நான் பொறுமை இல்லாதவன். பிரீசரைக் காட்டி, "உதுக்குள்ளை இருக்கிறது பழுதாப் போனா மகளுக்கு எதாலை செய்யப்போறியள்?" என்று கேட்டுவிட்டேன். ஐயா என்னை முறைத்தார். பிலோமினா பிரீசர் மூடியைத் திறந்து பார்த்து மூடினார். பிறகு வந்து கையெழுத்து வைத்தார். அந்தச் சொல் இருந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டுதான் வைத்தார்.

தகடுகள் ஏறின. போகிற கரண்டையும் வருகிற கரண்டையும் காட்டுகிற மீற்றரை நானே பூட்டினேன். முதல் முறை ஊரில் மின்சாரம் நின்ற அன்று பிலோமினா கோபமாகத் தொலைபேசி எடுத்தார்.

"சிவமண்ணை, இவ்வளவு தகடும் மேலை வெய்யில் காயுது, வீட்டிலை கரண்ட் இல்லை! உங்கடை சோலாரும் நீங்களும்!"

ஊரில் கம்பி செத்திருக்கும்போது கூரையும் தானாக நின்றுவிடும், இல்லாவிட்டால் தூணில் ஏறுகிற எங்கள் ஆளுக்கு உங்கள் கூரைக் கரண்ட் அடிக்கும் என்று விளக்கினேன். "அப்ப சரி, அவையும் பிள்ளை குட்டிக்காரர்" என்றார். பில் இறங்கியது. பிரீசர் நிற்காமல் ஓடியது. உபயக்காசு வாடகைக்காசாக வங்கிக்குப் போனது. ஆனாலும் பிலோமினா கோயில் உபயத்தை நிறுத்தவில்லை, கொஞ்சமாகக் கொடுத்து வந்தார். வெளியில் அவர் சொன்னது பழைய சொல்லைத்தான்: வீடு பாக்கிறம். நானும் ஓய்வுபெற்றேன். ஐயா கொழும்புக்கு மகனிடம் போய்விட்டார்.

போன வருடம் ஒரு பின்னேரம் பிலோமினாவின் அழைப்பு வந்தது. "அண்ணை, தம்பி வந்து நிக்கிறார். ஒருக்கா வாறியளோ?" குரலில் ஏதோ இருந்தது. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் பிடித்தேன்.

தயாபரன் விறாந்தையில் நின்றுகொண்டிருந்தார். வீடு மாற்றமில்லாமல் இருந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. அதுதான் பிரச்சினையும். ஓடு, தளம், வளவு எல்லாம் சுத்தம். மேலே தகடு, கரண்ட் கிட்டத்தட்ட இலவசம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் ஏசி போட்ட வீடு தேடுகிறார்கள், நாள் கணக்கில் விடலாம் என்று அவருடைய நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். சோலார் போட்டதால் வீட்டுக்கு மவுசு கூடி, அதனாலேயே பிலோமினாவை வீட்டை விட்டு எழுப்பப் பார்த்தார். ஐயா பயந்தது இதற்குத்தான். உள்ளே பிரீசர் உறுமிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அந்தக் குடும்பம் எங்கே போகும்?

படலையில் அயலவர்கள் சிலர் வந்து நின்றார்கள். கனடாக்காரர் வந்தால் நிற்பார்கள்தானே. பிலோமினாவின் மகளின் மாமியாரும் அவர்களுக்குள் நின்றார். கலியாணம் முடிந்து அதிக நாளாகவில்லை.

தயாபரன் நல்ல மாதிரித்தான் சொன்னார். "அக்கா, நீங்கள் இவ்வளவு காலமும் வீடு பாத்தனீங்கள். மறக்கமாட்டன். இப்ப நான் வந்திட்டன். இனி நானே பாப்பன்."

அந்தச் சொல்லில் ஒரு பிழையும் இல்லை. பார்க்க வந்தவர் பார்த்தாயிற்று, சொந்தக்காரர் வந்தால் போக வேண்டியதுதான். பிலோமினா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். படலைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். சம்பந்தி அங்கேதான் நின்றார்.

"தம்பி" என்றார். "நாங்கள் வீடு பாக்கேல்லை. வாடகைக்கு இருக்கிறம்."

தயாபரன் குரலைத் தாழ்த்தினார். "மெல்லக் கதையுங்கோ அக்கா, ஆக்கள் நிக்கினம்."

"நிக்கட்டும். நாங்கள் வாடகைக்கு இருக்கிற சனம். மாதாமாதம் வாடகை குடுக்கிறம். தவணை இன்னும் முடியேல்லை. நீங்கள் வச்ச கையெழுத்து."

இம்முறை படலை தாண்டியும் கேட்டிருக்கும். விரலால் மறைத்த சொல்லை அந்தப் பெண் ஊருக்கு முன்னால் இரண்டு தடவை சொல்லிவிட்டார். தயாபரன் என்னைப் பார்த்தார். "ஓம் தம்பி, அப்பிடித்தான் எழுதினது" என்றேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. "சரி அக்கா, தவணை முடியட்டும்" என்றார்.

அந்தத் தவணை வருகிற வருடம் முடிகிறது. தர்மினி, நான் ஓரிடத்தில் இருக்க முடியாமல் திரிவதற்கு இதுவும் ஒரு காரணம். வாடகைச் சனத்துக்குச் சலுகை கொடுப்பதென்றால் தகட்டுக்கு மட்டும் கொடுக்காதேயும். கீழே இருப்பவர்கள் வெயிலோடு எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதையும் மேலிடத்துக்கு எழுதும். பாப்பம் என்று யாரும் சொன்னால் அதை நம்பிக்கொண்டு இராதேயும்.

அன்றைக்கு நான் புறப்பட எழுந்தபோது பொழுது பட்டுவிட்டது. படலையில் நின்றவர்கள் கலைந்திருந்தார்கள். பிலோமினா கண்ணைத் துடைத்துவிட்டு எழுந்து போய், விறாந்தைச் சுவரிலிருந்த அந்தச் சாமியறைச் சுவிச்சைப் போட்டார். பூட்டிய கதவின் கீழ் இடுக்கால் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது.

தயாபரனுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "விடுங்கோ அக்கா, நிக்கிற மட்டும் நான் போடுறன். வாடகைக்கு இருக்கிற நீங்கள் உதெல்லாம் செய்யத் தேவையில்லை."

"உது வாடகைக்குள்ளை இல்லைத் தம்பி" என்றார் பிலோமினா. "உது அம்மாவுக்குச் சொன்னது."